டிராஃப்ட் தேர்வுகளைக் கைமாற்றுதல்: கேள்வி பதில்

நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்களின் நிஜ ஆட்டத்தை வைத்து நண்பர்களோடு போட்டியிடும் ஃபேன்டஸி பேஸ்பால் லீகில் டிராஃப்ட் (அணிகள் முறைவைத்து வீரர்களை எடுப்பது) தேர்வுகளை மாற்றிக்கொள்வது குறித்து வந்த கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

கேள்வி: பன்னிரண்டு அணிகள், ஸ்னேக் டிராஃப்ட் (சுற்றுக்குச் சுற்று வரிசை தலைகீழாகும் முறை). என் 3, 22ஆம் தேர்வுகளுக்குத் தன் 12, 13ஐத் தருவதாக நண்பர் சொல்கிறார். இரு பக்கமும் கூட்டினால் 25. சமமான பேரம்தானே?

பதில்: பன்னிரண்டு அணிகளில் எவருடைய முதல் இரு தேர்வுகளைக் கூட்டினாலும் 25தான் வரும், அதனால் அந்தக் கூட்டுத்தொகையைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. ஆட்டக்காரர்களின் தரம் முதல் சில இடங்களில் செங்குத்தாக இறங்கி, போகப்போகச் சமதரையாகிவிடுவதால், மேலே நீங்கள் இழக்கும் ஒன்பது இடங்கள் கீழே பெறும் ஒன்பது இடங்களைவிட விலை கூடியவை. நான்காம் சுற்றில் உங்கள் 46ஐக் கொடுத்து அவருடைய 37ஐயும் கேளுங்கள். அதற்கு அவர் இணங்கினால் மாற்றிக்கொள்ளலாம், ஏனெனில் உச்சியிலுள்ள ஒரே வீரரை நம்புவதிலும் ஆபத்து உண்டு. 2023இல் 41 ஹோம் ரன்களும் 73 ஸ்டீல்களும் (ஓடித் தளம் கவர்தல்) எடுத்த ரோனல்ட் அகுன்யா ஜூனியரைப் பலர் 2024இல் முதலாவதாக எடுத்தார்கள். அந்த மே மாதமே முழங்கால் தசைநார் கிழிந்து அவருடைய ஆண்டு முடிந்துபோனது.

கேள்வி: அடுத்த ஆண்டின் முதல் சுற்றை இப்போதே விற்கலாமா?

பதில்: விற்பவர் அடுத்த ஆண்டுக் கட்டணத்தை அன்றே கட்டினால் மட்டும் விற்கலாம். எங்கள் லீகில் ஒருவர் அடுத்த ஆண்டின் முதல் மூன்று சுற்றுகளையும் விற்று, கோப்பையை வென்று, விலகிவிட்டார். வெறுமையான அந்த அணியை ஏற்க எவரும் முன்வரவில்லை. கூடைப்பந்து லீகான என்பிஏவில் கிளீவ்லாந்து அணி உரிமையாளர் டெட் ஸ்டெபியன் முதல் சுற்றுகளை வாரி வழங்கியதன் விளைவாக, அடுத்தடுத்த இரு எதிர்கால ஆண்டுகளில் முதல் சுற்றுத் தேர்வே இல்லாத நிலைக்கு எந்த அணியும் வரக்கூடாது என்ற விதி பிறந்தது. அதை உங்கள் லீகிலும் எழுதிவையுங்கள்.

கேள்வி: நிஜ மேஜர் லீக் பேஸ்பால் அணிகள் தங்கள் டிராஃப்ட் தேர்வுகளைக் கைமாற்றுகின்றனவா?

பதில்: சிறிய சந்தை, குறைந்த வருவாய் அணிகளுக்குக் கூடுதலாகத் தரப்படும் சமநிலைத் தேர்வுகளை மட்டுமே கைமாற்றலாம்.

கேள்வி: கடைசி இடத்து அணி தன் சிறந்த பிட்சரை (பந்து வீசுபவரை) எனக்குக் கொடுத்து இரு தேர்வுகளை வாங்கியது. மற்றவர்கள் வாக்களித்து அதை ரத்து செய்துவிட்டார்கள். நியாயமா?

பதில்: நியாயமில்லை. வாக்களிப்பவர் அனைவரும் உங்கள் போட்டியாளர்கள். நீங்கள் வலுப்பெறாமல் தடுப்பதில் ஒவ்வொருவருக்கும் ஆதாயம் உண்டு. லீகை நடத்தும் கமிஷனர் இரு தரப்பிடமும் காரணம் கேட்டு, கூட்டுச்சதி தெரிந்தால் மட்டும் ரத்து செய்ய வேண்டும்.

கேள்வி: மேலே உள்ள பதிலை ஏற்க முடியவில்லை. கமிஷனரும் ஓர் அணியை வைத்திருப்பவர்தானே? வாக்கெடுப்பு இல்லாவிட்டால் தோற்ற அணிகள் கோப்பையை யாருக்கு வேண்டுமானாலும் பரிசளிக்குமே?

பதில்: முதல் ஆட்சேபம் சரியானது, கமிஷனரே பேரத்தில் இருந்தால், லீகுக்கு வெளியே உள்ள ஒருவரை முன்கூட்டியே நடுவராக நியமியுங்கள். இரண்டாவதை ஏற்கமாட்டேன். தோற்கும் அணி இன்றைய நட்சத்திரத்தைக் கொடுத்து நாளைய வாய்ப்பை வாங்குவது அந்த அணியின் கடமை. 2022 ஆகஸ்ட் 2 அன்று வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி தன் நட்சத்திர பேட்டர் ஹுவான் சோட்டோவை சான் டியாகோவுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்தவர்களுள் ஏப்ரம்ஸ், கோர், வுட் மூவரும் பின்னர் நேஷனல்ஸ் சார்பில் ஆல்-ஸ்டார் (ஆண்டின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர்கள்) ஆனார்கள். உங்கள் வாக்கெடுப்பு அந்தப் பேரத்தையும் தடுத்திருக்கும். கடைசி வாரங்களில் நடக்கும் வாரிவழங்கலைத் தடுக்க, ஜூலை இறுதியைக் கெடுவாக வைத்தால் போதும்.

கேள்வி: 2027ஆம் ஆண்டின் இரண்டாம் சுற்றை விற்கலாமா?

பதில்: எந்தச் சுற்றானாலும், எந்த ஆண்டானாலும் விடை ஒன்றே. முதலில் கட்டணத்தை வாங்குங்கள்.

கேள்வி: பேட்டிங், பிட்சிங் இரண்டும் செய்யும் ஓட்டானிக்கு எத்தனை தேர்வுகள் கொடுக்கலாம்?

பதில்: உங்கள் தளம் அவரை ஒருவராகக் கொள்கிறதா, பேட்டர், பிட்சர் என இருவராகப் பிரிக்கிறதா என்று கமிஷனரிடம் கேட்டறிந்த பின் பேரம் பேசுங்கள்.

கேள்வி: இரண்டு தேர்வுகளைக் கொடுத்து மூன்று வாங்கலாமா?

பதில்: எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். நண்பரின் மூன்றாவது தேர்வுக்கு ஈடாக உங்கள் கடைசிச் சுற்றையாவது சேர்த்துக் கொடுங்கள். இல்லையெனில் டிராஃப்ட் முடியும்போது உங்களிடம் ஒருவர் மிஞ்சுவார், அவரிடம் ஒருவர் குறைவார்.