கடவுச்சீட்டில் எழுதியிருக்கும் ஊர்

"சுவிட்சர்லாந்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் தங்களைச் சுவிஸ் நாட்டவராக நினைக்கிறார்களா, இலங்கைத் தமிழராக நினைக்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்காகவும் பேச என்னால் முடியாது. 1990இல் பேர்ண் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன் நான். என் கதையைச் சொல்கிறேன்.

இங்கே பிறந்துவிட்டால் மட்டும் குடியுரிமை கிடைக்காது. தாயோ தந்தையோ சுவிஸ் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும். அப்பா 1983 கலவரத்துக்கு அடுத்த ஆண்டு வந்து, ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவியவர். ஆகவே பிறந்த நாளிலிருந்தே நான் சட்டப்படி வெளிநாட்டவன். அது தெரியாமலே பத்து வயது வரை வளர்ந்தேன். அந்த ஊர்ப் பள்ளி, அந்த ஊர்க் காற்பந்துக் கழகம், வாயைத் திறந்தால் பேர்ண் வட்டார ஜெர்மன். வீட்டுக்குள் தமிழ். இரண்டுக்கும் நடுவே சண்டை எதுவும் இருந்ததாக நினைவில்லை.

2000ஆம் ஆண்டில்தான் விடயம் புரிந்தது. லுட்சேர்ன் மாநிலத்து எம்மன் நகரில், குடியுரிமை கேட்டவர்களின் விவரங்களை வீடு வீடாக அனுப்பி, ஊர் மக்களை வாக்களிக்கச் சொன்னார்கள். இத்தாலியர்களுக்கு மட்டும் சம்மதம் கிடைத்தது. முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த குடும்பங்களை ஒதுக்கிவிட்டார்கள். செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார். "எங்களுக்கு இப்போது வேண்டாம்" என்றார். அப்படி வாக்குப்பெட்டியில் குடியுரிமையைத் தீர்மானிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2003இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அப்பாவின் மனத்தில் விழுந்த பயம் விழுந்ததுதான்.

2004 செப்டம்பரில் இரண்டாம் தலைமுறைக்கு நடைமுறையை எளிதாக்கலாமா என்று நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் மறுத்துவிட்டார்கள். மறுநாள் வகுப்பில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, என் பக்கத்தில் இருந்த நண்பன் மெல்லக் கேட்டான்: "இது உன்னைப் பற்றியதா?" அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. முதல் வகுப்பிலிருந்து ஒரே மேசையில் இருந்தவன்.

19 வயதில் நானே விண்ணப்பித்தேன். ஊராட்சி அலுவலகத்தின் மாடியில் ஒரு நீண்ட மேசை. எதிரே ஐந்து பேர். அவர்களில் ஒருவர் எங்கள் தெருவிலேயே குடியிருந்தவர். தலைமை வகித்தவர் என்னிடம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, வெளிநாட்டவரிடம் பேசுவதுபோல் ஏட்டு ஜெர்மனில் பேசினார். நான் பேர்ண் வழக்கில் பதில் சொன்னேன். அடுத்த கேள்வியும் ஏட்டு ஜெர்மனில்தான் வந்தது. அமைச்சரவையில் எத்தனை பேர் என்று கேட்டார், ஏழு என்றேன். கடைசியில், ஏன் சுவிஸ் நாட்டவராக விரும்புகிறாய் என்றார். நான் வேறெங்கும் வாழ்ந்ததில்லை என்றேன். அதை அவர் தாளில் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு நடந்து வரும்போது கண்கள் நிறைந்துவிட்டன. அந்த மேசையில் யாரும் என்னை அவமதிக்கவில்லை. நான் விட்டு விலகியே இராத வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது.

அதனால்தான் உங்கள் கேள்வியில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. ஒரு பிள்ளை தன்னை யாராக நினைக்கிறது என்பதை அதன் மனத்தில் மட்டும் தேடாதீர்கள். அதைச் சுற்றியிருப்பவர்கள் அதனிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று பாருங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு முதன்முதலில் 2012இல் போனேன். எங்கள் வீடுகளில் 'ஊர்' என்றால் அதுதான்; வேறு பெயர் சொல்லத் தேவையில்லை. அப்பம்மா என் முகத்தைத் தடவி, அப்பாவின் மூக்கு என்றார். கிணற்றில் தண்ணீர் அள்ளப் போனேன். வாளி மிதந்ததே தவிர அமிழவில்லை. அப்பம்மா கயிற்றை வாங்கி ஒரு சுண்டு சுண்டினார், வாளி கவிழ்ந்து நிறைந்தது. நல்லூர்க் கோயில் வீதியில் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் விலை சொன்னார். நான் தமிழில் கேட்டதும் உடனே தமிழுக்கு வந்துவிட்டார், எந்த இடத்துப் பிள்ளை என்று கேட்டு உட்காரச் சொன்னார். அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்தது அந்த மாடி அறையில் எனக்குக் கிடைக்கவில்லை.

சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடம் இருக்காது. 'ஹைமாட்ஓர்ட்' என்று ஒன்று இருக்கும். தமிழில் சொந்த ஊர் எனலாம். அது வழிவழியாக வருவது. பூட்டன் வாழ்ந்த ஊரைக் கண்ணால் காணாதவர்கள்கூட அதையே தங்கள் ஊராகச் சுமக்கிறார்கள். புதிதாகக் குடியுரிமை பெறுபவருக்கு, அதைக் கொடுத்த ஊரே சொந்த ஊராகிவிடும். மூன்றாம் தலைமுறைக்கு மட்டும் நடைமுறையை எளிதாக்க 2017இல் மக்கள் ஒப்புக்கொண்டார்கள். என் மகளுக்கு அதுவும் தேவைப்படவில்லை. அவள் பிறக்கும்போதே நான் குடிமகன்.

அவள் சூரிச்சில் பிறந்தவள். கடவுச்சீட்டு வந்த அன்று அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை விரித்தார். குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அவருடைய பெயர். சொந்த ஊர் என்ற இடத்தில் அவர் பாத்திரம் கழுவிய ஊரின் பெயர். இரண்டின் மேலும் விரலை ஓட்டினார். பிறகு, அந்த உணவகம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். தெரியாது என்றேன். அடுத்த சனிக்கிழமை மூவரும் ரயில் ஏறினோம்.