பவரில் ‘அற்றோர்னி’ என்றிருந்தால் சட்டம் படித்திருக்க வேண்டுமா?

கேள்வி: என் அண்ணா ரொறன்ரோவில் இருக்கிறார். கோண்டாவிலில் தன் பெயரில் உள்ள நான்கு பரப்புக் காணியை விற்பதற்கு எனக்கு ஆங்கிலத்தில் பவர், அதாவது தனக்குப் பதிலாகச் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம், எழுதி அனுப்பியிருக்கிறார். அதில் என்னை அற்றோர்னி என்று போட்டிருக்கிறது. நானோ சட்டம் படிக்காதவள். காணி வாங்க வந்தவர், சட்டத்தரணிதான் கையெழுத்து வைக்க வேண்டும் என்று தயங்குகிறார். இந்தப் பவர் செல்லுமா?

பதில்: சட்டம் படிக்கவில்லை என்பதற்காகச் செல்லாமல் போகாது, தங்கச்சி. பவரில் அற்றோர்னி என்றால் அண்ணாவுக்குப் பதிலாக நின்று கருமம் பார்ப்பவர், அவ்வளவுதான். குழப்பம் சட்டத்தரணிகளான எங்கள் தொழிற்பெயரால் வந்தது. முன்பு அட்வகேற், புறொக்டர் என இரு பிரிவாக இருந்தோம். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கியபோது எல்லோருக்கும் அற்றோர்னி-அற்-லோ என்ற பெயர் வந்தது. சட்டமா அதிபரின் ஆங்கிலப் பதவிப் பெயரிலும் இதே சொல் உண்டு. வாங்குபவருக்கு இதைச் சொன்னால் விளங்கிக்கொள்வார்.

என் கவலை வேறு. அந்தப் பத்திரத்தில் ‘விற்க’ என்ற அதிகாரம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா? காணியைப் பராமரிக்க, வாடகை வாங்க, வழக்குப் பார்க்க என்று மட்டும் இருந்தால் அதை வைத்து விற்க முடியாது. பவரில் இல்லாத அதிகாரத்தை நீதிமன்றம் ஊகித்துத் தராது. காணி உறுதியைப் போலவே, காணி விற்கக் கொடுக்கும் பவரும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு முடிக்கப்பட வேண்டும். காணி உறுதிக்கு இந்த விதியைச் சொல்வது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். வெறும் கையெழுத்தோடு வந்த தாள் என்றால், ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் விசாரித்துப் புதிதாக முடித்து அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் இங்கே பதிவு செய்ய வேண்டும். அச்சாரம் வாங்குவதற்கு முதலே மூலப் பிரதியை உங்கள் நொத்தாரிசிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. அண்ணா உயிரோடு இருக்கும் வரைதான் பவருக்கு உயிர். அவர் இறந்துவிட்டால் காணி அவருடைய வாரிசுகளுக்குப் போய்விடும், பவர் கையில் இருந்தும் பயனில்லை. இது தெரியாமல் உறுதி எழுதிவிட்டு, வாங்கியவரும் விற்றவரும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்குவது மனதை வருத்தும் விஷயம். ஆகவே உறுதி முடிக்கும் நாளில் அண்ணாவோடு பேசிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். காணி விலைப் பணம் அவருடையது. அதை அவருடைய வங்கிக் கணக்குக்கே போட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.