ஸ்டென்ட்தான் செலவு குறைவு என்று எழுதிவிடலாமா?

கேள்வி: ஐயா, மதுரையில் ஒரு டிரஸ்ட் மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருமங்கலம். இதய ரத்தக்குழாய் அடைப்புக்காக இரண்டு வருடத்தில் இங்கே 240 பேருக்கு ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்திருக்கிறார்கள், 60 பேருக்கு பைபாஸ் செய்திருக்கிறார்கள். செலவையும் பலனையும் ஒப்பிட்டு அறிக்கை கேட்டிருக்கிறார்கள். எக்ஸெலில் சராசரி எடுத்து டி-டெஸ்ட் (இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் சோதனை) போட்டதில், ஸ்டென்ட்தான் செலவு குறைவு என்று வருகிறது. சிலருடைய பில் மட்டும் மிக அதிகம், அவர்களை நீக்கிவிடலாமா? பைபாஸ் செய்தவர்களில் மருத்துவமனையில் இருக்கும்போது ஒருவர்கூட இறக்கவில்லை. '100 சதவீத வெற்றி' என்று நோட்டீஸ் போடலாமா என்றும் கேட்கிறார்கள்.

பதில்: சராசரியைச் சரியாகத்தான் எடுத்திருப்பீர்கள். ஆனாலும் அறிக்கையை இப்போது கொடுத்துவிடாதீர்கள். அந்த 240 பேரும் இந்த 60 பேரும் ஒரே மாதிரி நோயாளிகள்தானா என்று பார்க்காமல் எந்த டெஸ்ட் போட்டாலும் பயன் இல்லை.

ஸ்டென்ட் வைத்தவர்களில் ஒரே ஒரு ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்களில் பலருக்கு பைபாஸ் என்ற பேச்சே எழுந்திருக்காது. ஒரு ஸ்டென்ட், இரண்டு மூன்று நாள் படுக்கை, டிஸ்சார்ஜ். பைபாஸுக்குப் போனவர்களோ மூன்று குழாயிலும் அடைப்பு, பல வருடச் சர்க்கரை என்று வந்தவர்களாக இருப்பார்கள். இதற்கு எதிரான கதையும் உண்டு. வயது எண்பது, கிட்னி பழுது, ஆபரேஷனைத் தாங்க மாட்டார் என்று சர்ஜன் சொல்லிவிட்டவர்களும் ஸ்டென்ட் பக்கம்தான் வந்திருப்பார்கள். நள்ளிரவில் மாரடைப்போடு ஆம்புலன்ஸில் வந்தவர்களும் அங்கேதான். ஆக, உங்கள் ஸ்டென்ட் பட்டியலில் மிக லேசான நோயாளியும் இருக்கிறார், மிக மோசமான நோயாளியும் இருக்கிறார். அந்தச் சராசரி யாரைப் பற்றிப் பேசுகிறது?

அதனால் பைபாஸ், ஸ்டென்ட் இரண்டில் எதுவும் செய்திருக்கலாம் என்ற நிலையில் இருந்தவர்களை மட்டும் பிரித்தெடுங்கள். பெரும்பாலும் அவர்கள் இரண்டு மூன்று குழாய்களில் அடைப்போடு, அவசரமில்லாமல் வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் வயது, சர்க்கரை, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், இதயத்தின் பம்ப் திறனான ஈ.எஃப்., அடைப்புள்ள குழாய்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டிலிருந்து எடுத்து எழுதுங்கள். இப்படிப்பட்ட ஒருவரை பைபாஸுக்கு அனுப்பியிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அந்த விவரங்களை வைத்துக் கணக்கிடலாம். இதற்குப் பெயர் ப்ரொபென்சிட்டி ஸ்கோர். ரோசன்பாம், ரூபின் இருவரும் 1983-ல் எழுதிய முறை. வாய்ப்பு ஏறக்குறைய சமமாக உள்ள ஒரு ஸ்டென்ட் நோயாளியையும் ஒரு பைபாஸ் நோயாளியையும் ஜோடி சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகு செலவைப் பாருங்கள். உங்களிடம் பைபாஸ் 60 பேர்தான் என்பதால் இருபது முப்பது விவரங்களைத் திணிக்க வேண்டாம். முக்கியமான ஐந்தாறு போதும். கேஸ் ஷீட்டில் எழுதாத எதையும் இந்த முறையால் சரிசெய்ய முடியாது. நோயாளி எவ்வளவு தளர்ந்திருந்தார், வீட்டில் கவனிக்க ஆள் இருந்ததா என்பதையெல்லாம் டாக்டர் கண்ணால் பார்த்து முடிவெடுத்திருப்பார். இதை அறிக்கையிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஸ்டென்ட் வைக்கப் போய், முடியாமல் அன்றே பைபாஸ் செய்தவர் யாராவது இருக்கிறாரா? அவரை ஸ்டென்ட் பட்டியலிலேயே வையுங்கள். எதைச் செய்வது என்று முடிவெடுத்துத் தொடங்கினார்களோ, அந்தப் பக்கம்தான் அவருடைய செலவும் சேர வேண்டும்.

சரி, மிக அதிகமான பில்களுக்கு வருவோம். நீக்கவே கூடாது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை நினைத்துப் பாருங்கள். சாதாரண நாளில் மல்லிகை ஒரு விலை, முகூர்த்த நாளில் அது பல மடங்கு. வருடம் முழுக்கப் பூ வாங்கிக் கட்டி விற்கிற அம்மாவிடம் போய், முகூர்த்த நாளை விட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள் என்று சொல்ல முடியுமா? அவர் கையைவிட்டுப் பணம் போனதே அந்த நாட்களில்தான். நோய்த்தொற்று வந்து நாற்பது நாள் ஐசியு-வில் கிடந்தவரின் பில்லும் அப்படித்தான். அது அந்தச் சிகிச்சையின் உண்மையான செலவில் ஒரு பங்கு. பில்களை வரிசைப்படுத்தி நடுவில் வரும் இடைநிலை அளவைப் போட்டால் சாதாரண நோயாளிக்கு எவ்வளவு ஆனது என்று தெரியும். ஆனால் அதை 60-ஆல் பெருக்கினால் மருத்துவமனையின் மொத்தச் செலவு வராது. சராசரியைப் பெருக்கினால்தான் வரும். இரண்டையும் கொடுங்கள், முடிவைச் சராசரியில் வையுங்கள்.

ஒரு பக்கம் நீண்ட வால் மாதிரி இழுத்துக்கொண்டு போகும் இந்த வகைத் தொகைக்கு, அதுவும் வெறும் 60 பேரை வைத்துக்கொண்டு, டி-டெஸ்டை மட்டும் நம்ப வேண்டாம். பிராட்லி எஃப்ரான் 1979-ல் கொண்டுவந்த பூட்ஸ்ட்ராப் முறை இதற்குத் தோதானது. குடவோலை மாதிரிதான். 60 பில்களையும் சீட்டாக எழுதி ஒரு குடத்தில் போடுங்கள். ஒன்றை எடுத்துத் தொகையைக் குறித்துக்கொண்டு, சீட்டை மறுபடி குடத்துக்குள்ளேயே போட்டுவிடுங்கள். இப்படி 60 தடவை எடுத்தால் ஒரு சராசரி. ஸ்டென்ட் பில்களுக்கும் அதே மாதிரி ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறியுங்கள். இதையே 2,000 முறை செய்து வரிசைப்படுத்தி, இரண்டு ஓரத்திலும் 50, 50 எண்களை விட்டுவிட்டால், நடுவில் நிற்பதுதான் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை. கணினிக்கு இது சில விநாடி வேலை.

அந்தத் தொகை என்ன தொகை என்பதும் முக்கியம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வந்தவருக்குப் பேக்கேஜ் தொகை ஏற்கெனவே நிர்ணயித்தது. கையில் பணம் கட்டியவருக்கு பில் வேறு. ஒரு பக்கம் காப்பீட்டு நோயாளிகள் அதிகம் என்றால், நீங்கள் ஒப்பிடுவது சிகிச்சையை அல்ல, பணம் கட்டியது யார் என்பதைத்தான். முடிந்தால் மருந்து, ஸ்டென்ட், தியேட்டர் நேரம், ஐசியு நாட்கள் என்று மருத்துவமனைக்கு உண்மையில் ஆன செலவை எடுங்கள். பரமக்குடியிலிருந்து துணைக்கு வந்து பத்து நாள் கூலியை விட்டவரின் இழப்பு உங்கள் ஏட்டில் வராது. அது வரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

நான் ரொம்பவும் வற்புறுத்துவது காலத்தை. என் சித்தப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து ஒன்றேகால் வருடத்தில் மறுபடி ஒன்று வைக்க வேண்டி வந்தது. அந்த இரண்டாவது பில்லை முதல் பில்லோடு யாருமே கூட்டிப் பார்க்கவில்லை. டிஸ்சார்ஜ் அன்றோடு கணக்கை மூடினால் ஸ்டென்ட் பெரும்பாலும் மலிவாகத்தான் தெரியும்.

2012-ல் வெளிவந்த ஃப்ரீடம் ஆய்வைப் பாருங்கள். பல குழாய்களில் அடைப்புள்ள 1,900 சர்க்கரை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஐந்து வருடத்தில் இறப்பு ஸ்டென்ட் பக்கம் 16.3 சதவீதம், பைபாஸ் பக்கம் 10.9. பக்கவாதம் மட்டும் தலைகீழ்: ஸ்டென்ட் 2.4, பைபாஸ் 5.2. அமெரிக்க விலையில் போட்ட செலவுக் கணக்கில், முதல் சிகிச்சையின்போது பைபாஸுக்கு ஒருவருக்கு 8,622 டாலர் கூடுதல். ஐந்து வருடத்தில் அந்த இடைவெளி 3,641 டாலராகச் சுருங்கிவிட்டது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மறுபடி மறுபடி சிகிச்சை தேவைப்பட்டதும், மருந்துச் செலவும்தான் காரணம்.

செலவையும் பலனையும் சேர்த்துச் சொல்ல, கூடுதல் செலவைக் கூடுதல் பலனால் வகுக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, பைபாஸுக்கு ஐந்து வருடத்தில் ஒருவருக்கு 60,000 ரூபாய் கூடுதல் என்றும், அந்த ஆய்வில் வந்தபடி (16.3-லிருந்து 10.9 போக) 100 பேரில் 5.4 இறப்பு குறைவு என்றும் வைத்துக்கொண்டால், ஒரு இறப்பைத் தவிர்க்க ஏறக்குறைய 11 லட்சம். 60,000 என்பது நான் வைத்துக்கொண்ட தொகை; உங்கள் அறிக்கையில் உங்கள் எண் வர வேண்டும்.

அதற்கு, டிஸ்சார்ஜ் ஆனவர்களைத் தேடித்தான் ஆக வேண்டும். ரிவ்யூவுக்கு வராதவர் நன்றாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ராமநாதபுரத்துக்காரர் அங்கேயே வேறிடத்தில் இன்னொரு ஸ்டென்ட் வைத்திருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். எக்ஸெலில் அவருடைய கட்டத்தை வெற்றாக விடுங்கள், பூஜ்யம் போடாதீர்கள். போன் செய்து கேளுங்கள். அப்படியும் கிடைக்காதவர்களைக் கடைசியாகப் பார்த்த தேதி வரை கணக்கில் சேர்க்க, இறப்புக்குக் கேப்லான்-மேயர் முறை இருக்கிறது; ஒவ்வொரு கட்டத்திலும் உயிரோடு இருக்கும் வாய்ப்பை அது கணக்கிட்டுத் தரும். செலவுக்கு அதையே போடக் கூடாது. செலவை மாதம் மாதமாகப் பிரித்து, அந்தந்த மாதம் கண்காணிப்பில் இருந்தவர்களின் சராசரியை எடுத்து, அந்த மாதத் தொடக்கத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டுங்கள்.

அப்புறம் அந்த நோட்டீஸ். 60 பேரில் ஒருவரும் இறக்கவில்லை என்பது நல்ல செய்தி, உங்கள் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் உரிய பெருமை. ஆனால் பூஜ்யம் வந்தால், 3-ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது புள்ளியியலில் பழைய வழக்கம். 3-ஐ 60-ஆல் வகுத்தால் 5 சதவீதம். அதாவது, உண்மையான இறப்பு விகிதம் 5 சதவீதம் வரை இருந்தாலும் இப்படி ஒரு பூஜ்யம் வந்திருக்கக்கூடும். '100 சதவீத வெற்றி' என்று படித்துவிட்டு உசிலம்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் நிலத்தை அடகு வைத்து வரும். அவர்களுக்காக, 'இரண்டு ஆண்டுகளில் 60 பைபாஸ், மருத்துவமனையில் இறப்பு இல்லை' என்று மட்டும் போடச் சொல்லுங்கள்.