அழுக்கு என்று யார் சொன்னது?

கேள்வி: எனக்கு 24 வயது. திருப்பூரில் உணவு டெலிவரி வேலை, நாள் முழுக்க பைக்கில்தான். மூக்கிலும் நெற்றியிலும் ஒரே கரும்புள்ளி. ஒரு நாளைக்கு நான்கு முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன், வாரம் இரண்டு முறை எலுமிச்சையும் சர்க்கரையும் வைத்துத் தேய்க்கிறேன். சலூனில் ஆவி பிடித்துக் கம்பியாலும் எடுத்துவிட்டார்கள். சில வாரங்களில் திரும்ப வந்துவிடுகிறது. முகத்தில் அவ்வளவு அழுக்கா டாக்டர்?

பதில்: அழுக்கே இல்லை, இது பிளாக்ஹெட்ஸ். முதலில் அந்த எலுமிச்சையை ஜூஸ் போட்டுக் குடித்துவிடுங்கள்.

தோலின் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. உதிர்ந்து போக வேண்டிய செல்கள் உதிராமல் அந்த எண்ணெயோடு குழைந்து துளையை அடைத்துக்கொள்ளும். துளையின் வாய் மூடியிருந்தால் வெள்ளையாகத் தெரியும், திறந்திருந்தால் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும், அதில் தோலின் நிறமியான மெலனினும் சேர்ந்துகொள்கிறது. வாழைக்காயை நறுக்கி வைத்தால் சற்று நேரத்தில் கறுக்கிறதே, அதை அழுக்கு என்றா சொல்கிறோம்? சோப்பு மேலே இருக்கும் எண்ணெயைத்தான் எடுக்கும், உள்ளே இருக்கும் அடைப்புக்கு அது எட்டாது. ஆண்களுக்கு ஆண்ட்ரோஜன் ஹார்மோன் அதிகம், அது சுரப்பியை முடுக்கிவிடுவதால் எண்ணெய் வழிவதும் அதிகம், அவ்வளவுதான் விஷயம்.

சரி, என்ன செய்வது? கழுவுவதைக் காலை, இரவு என்று இரண்டு வேளையாகக் குறையுங்கள், நடுவில் வியர்த்தால் வெறும் தண்ணீர் போதும். மருந்துக் கடையில் சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம் உள்ள ஜெல் அல்லது சீரம் கிடைக்கும். அது எண்ணெயில் கரையக்கூடியது, அதனால்தான் துளைக்குள் இறங்கி அடைப்பை இளக்குகிறது. ஃபேஸ்வாஷிலும் இதே பொருள் வருகிறது, ஆனால் அரை நிமிடத்தில் கழுவிவிடுவதால் பலன் சுமார்தான். அதற்கும் மசியவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் கேட்டு அடாபலீன் 0.1 சதவீத ஜெல் தொடங்கலாம். முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு, இரவில் மட்டும், முகம் நன்றாகக் காய்ந்த பிறகு. முதல் சில வாரங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள், இல்லையென்றால் தோல் உரிந்து எரியும், பயந்துபோய் மருந்தையே தூக்கிப் போட்டுவிடுவீர்கள் (பாதிப் பேர் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள்). பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பகலில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் கட்டாயம், எண்ணெய் பிசுக்கில்லாத ஜெல் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

நெற்றியில் அதிகம் என்கிறீர்கள், அதனால் இன்னும் இரண்டு விஷயம். தலைக்கு வைக்கும் எண்ணெய் வியர்வையோடு நெற்றியில் இறங்குகிறதா பாருங்கள். ஹெல்மெட்டின் உள்பஞ்சு எத்தனை மாதமாகத் துவைக்காமல் இருக்கிறது? உள்ளே ஒரு பருத்திக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அதைத் தினமும் துவைத்துவிடுங்கள்.

அப்புறம், கரும்புள்ளி என்று கேட்டுக் கடைக்காரர் கொடுக்கிற கிரீமை வாங்கவே வாங்காதீர்கள். பரு ஆறிய தழும்பு, மங்கு, பிளாக்ஹெட்ஸ் எல்லாவற்றுக்கும் நம்மிடம் இந்த ஒரே பெயர்தான், அதனால் கை மாறி ஸ்டீராய்டு கலந்த கிரீம் வந்துவிடுகிறது. ஒரு வாரம் முகம் பளபளக்கும், பிறகு பருவாகக் கொப்பளிக்கும், தோலும் மெலிந்துபோகும். அட்டையில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: மூக்கில் ஒட்டி உரிக்கும் ஸ்ட்ரிப் வாங்கினேன். உரித்தால் முள் முள்ளாக நிறைய வருகிறது. அப்படியானால் நல்லதுதானே?

பதில்: பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த முள்ளில் பெரும்பாலானவை கரும்புள்ளியே அல்ல, எல்லார் மூக்கிலும் இருக்கிற சாதாரண எண்ணெய் இழைகள். சுரப்பியிலிருந்து எண்ணெய் மேலே வரும் வழி அது, எடுத்தாலும் சில வாரத்தில் நிரம்பிவிடும். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒருமுறை என்றால் சரி. வாராவாரம் உரித்தால் மூக்கு சிவந்துபோவதுதான் மிச்சம்.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. தூத்துக்குடியில் உப்பளத்தில் முப்பது வருடம் வேலை, பீடி பழக்கமும் உண்டு. கண்ணின் ஓரத்திலும் நெற்றிப்பொட்டுப் பக்கமும் பெரிய பெரிய கரும்புள்ளிகள். இந்த வயதிலா?

பதில்: இது இளைஞர்களுக்கு வருகிற ரகம் இல்லை. பல வருட வெயிலில் தோலின் நார்கள் நைந்து துளைகள் அகன்றுவிடுகின்றன, அங்கே அடைப்பு சேர்கிறது. இதைக் கண்டு சொன்ன இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் பெயரால் ஃபாவ்ர்-ராகூஷோ என்பார்கள். வெயிலில் வேலை செய்த, புகைக்கிற, நடுவயது தாண்டிய ஆண்களிடம்தான் அதிகம். தொற்று இல்லை, ஆபத்தும் இல்லை. கண்ணுக்கு அருகே என்பதால் வீட்டில் யாரும் பிதுக்க வேண்டாம். மருத்துவர் சுத்தமான கருவியால் எடுத்துவிட்டு, திரும்ப வராமலிருக்க ரெட்டினாய்டு கிரீம் (மேலே சொன்ன அடாபலீன் இந்த வகைதான்) எழுதித் தருவார். கூட்டிப் போகும்போது முகத்தில் ஆறாத புண்ணோ ரத்தம் கசிகிற முடிச்சோ இருந்தால் அதையும் காட்டிவிடுங்கள், அவ்வளவு வெயில் பட்ட தோலில் அதைத்தான் நான் முதலில் தேடுவேன். தலையில் துண்டுக்குப் பதில் அகல விளிம்புள்ள தொப்பி. பீடியை விடச் சொல்லி நீங்கள் எத்தனையோ முறை நுரையீரலைக் காட்டிப் பயமுறுத்தியிருப்பீர்கள், இந்த முறை கண்ணாடியைக் காட்டிப் பாருங்கள்.