மலிவுக் கயிறா, நைலானா?

கேள்வி: சிங்கப்பூரில் 28 அடி பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கி மரினாவில் நிறுத்தப்போகிறேன். கடையில் நீல நிற பாலிப்ரொப்பிலீன் கயிறு மலிவாகக் கிடைக்கிறது, நைலான் அதைப்போல மூன்று மடங்கு விலை. மரினாவுக்குள் அலையே இல்லையே, மலிவானது போதாதா?

பதில்: போதாதுங்க. அலை இல்லாவிட்டால் என்ன, காற்று இருக்கிறதே. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை அடிக்கும் 'சுமத்ரா' காற்று, பெரும்பாலும் நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் விடியற்காலையில், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அப்போது படகு கயிற்றை வெடுக்கென்று இழுக்கும். நைலான் நீண்டுகொடுத்து அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் அந்த அளவுக்கு நீளாது, அடி முழுக்க கிளீட்டில், அதாவது கயிற்றைக் கட்டும் கொம்பில், போய் விழும். வெயிலும் அதற்கு ஆகாது. மேல் இழைகள் நொறுங்கி, தொட்டால் சிலும்பு மாதிரி கையில் குத்த ஆரம்பித்துவிட்டால் அந்தக் கயிற்றைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அதற்காக இருப்பதிலேயே தடிமனான நைலானை வாங்காதீர்கள். உங்கள் படகுக்கு 12 மி.மீ. தாராளம். அதற்கு மேல் போனால் நீள்வது குறையும், கிளீட்டிலும் ஒழுங்காக உட்காராது. மிச்சமாகும் பணத்தில் ஸ்பிரிங் கயிறு இரண்டு வாங்குங்கள், பலர் விட்டுவிடுவது இதைத்தான். முன்கயிறும் பின்கயிறும் மட்டும் இருந்தால் படகு முன்னும் பின்னும் ஓடி மூக்கை பாண்டூனில், அதாவது படகை ஒட்டி நிறுத்தும் மேடையில், இடித்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங் கயிற்றைப் படகின் முன்பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒன்று, பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி ஒன்று என்று பாண்டூனில் கட்டினால் அந்த ஓட்டம் நிற்கும். ஸ்பிரிங்குக்குப் படகின் நீளமே கணக்கு, ஒன்பது மீட்டர் வரும். முன்பின் கயிறுகளுக்கு ஆறு மீட்டர்.

வாங்குவதற்கு முன் உங்கள் இடம் மிதக்கும் பாண்டூனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிதப்பதென்றால் ஓதத்தோடு, அதாவது கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கத்தோடு, படகும் அதுவும் சேர்ந்தே ஏறி இறங்கும். நிலையான மேடை என்றால் கதையே வேறு, அங்கே ஓதம் மூன்று மீட்டர் வரை ஏறி இறங்கும் என்பதால் நீளமும் தளர்வும் கூடுதலாக வேண்டும்.

அப்புறம், கயிறு படகின் விளிம்பில் உரசும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டுங்கள், நல்ல கயிறும் அறுவது அங்கேதான். கிளீட்டில் ஒரு முழுச் சுற்று, ஒரு எட்டு, கடைசியாகத் திருப்பிப் போட்ட ஒரு கண்ணி, அவ்வளவே. அதற்கு மேல் சுற்றினால் அவசரத்தில் அவிழ்க்க முடியாது.

விற்பவர் பழைய கயிறுகளையும் சேர்த்துத் தந்தால் புரியைப் பிரித்து உள்ளே பாருங்கள். தூள் கொட்டினால் வாங்கவே வேண்டாம்.