விசைப்படகு இன்ஜின் அறைக்குத் தானியங்கி தீயணைப்பான்: எந்த அளவு?

வணக்கம் அண்ணே. அறை 3 மீட்டர் நீளம், 2.5 அகலம், 1.8 உயரம், இன்ஜின் அடைக்கும் இடத்தைக் கழித்து 10 கனமீட்டருக்கான சிலிண்டர் போதும் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கீங்க. கழிக்காதீங்க. முழுக் கணக்கு 13.5 கனமீட்டர், அதற்குக் குறையாத சிலிண்டரையே வாங்குங்க.

அதைவிட முக்கியம், டீசல் இன்ஜினை நிறுத்தும் ஏற்பாடு. தீயின் சூட்டில் சிலிண்டர் தலையிலுள்ள கண்ணாடிக் குமிழ் (பலவற்றில் 79 டிகிரி செல்சியஸில்) உடைந்து வாயு பரவும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால், அந்த வாயுவையும் அதுவே இழுத்துப் புகையோடு வெளியே தள்ளிவிடும். தீ திரும்பப் பிடிக்கும். புளோயரும் (அறைக் காற்றை வெளியேற்றும் விசிறி) அப்படித்தான். சிலிண்டர் அழுத்தம் இறங்கியதும் இரண்டையும் தானாக நிறுத்தும் ரிலே கட்டாயம் வையுங்க. கூடவே, வாயு வெளியேறியதைக் காட்ட, ஸ்ராங்கு (படகு ஓட்டுநர்) கண்ணில் படும்படி வீல் ஹவுஸில் (படகு ஓட்டும் அறையில்) ஒரு விளக்கு.

சிலிண்டரை உயரத்தில் மாட்டுங்க, சைலன்சர் குழாய்க்கு நேர் மேலே வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம்ம ஆட்கள் உள்ளே இறங்கி வேலை பார்க்கிற இடம், மூச்சு முட்டி உயிர் போய்விடும்.

வாயு பீய்ச்சியதும் இன்ஜின் அறை மூடியைத் திறந்து பார்க்கத்தான் கை போகும். குறைந்தது 15 நிமிடம் திறக்கவே கூடாது என்று எல்லாரிடமும் சொல்லி வையுங்க. சின்னமுட்டம் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போன பிறகு உதவி வர நேரமாகும், அண்ணே.