பழைய குட்டி லேப்டாப்புக்கு எந்த ஓஎஸ்? கேளுங்க, சொல்றேன்

கேக்குறதுக்கு முன்னாடி ரேம் எவ்வளவு, பிராசசர் பேர் என்னன்னு பாத்துட்டு வாங்க. "சின்னது, கருப்பு கலர்"னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. அப்புறம், பேக்கப் எடுக்காம எதையும் தொடாதீங்க.

திருமங்கலத்துல இருந்து: அண்ணா, ஆட்டம் பிராசசர், 2 ஜிபி ரேம், 32 ஜிபி இடம். விண்டோஸ் 10 அப்டேட்டுக்கு இடமில்லைங்குது. 11 போடலாமா?

வேண்டாம்மா. 11-க்கு 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் வேணும், உங்ககிட்ட ரெண்டுலயும் பாதிதான் இருக்கு. 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. அந்த 32 ஜிபி, இஎம்எம்சி-ங்கிற மெமரி சிப், போர்டோட ஒட்டி வர்றது. கழட்டி எஸ்எஸ்டி மாத்த முடியாது.

விண்டோஸுக்குப் பதிலா ஆன்டிஎக்ஸ்-ங்கிற லேசான லினக்ஸ் போடுங்க. டெஸ்க்டாப் வந்து நின்னதும் ரேம்ல 200, 250 எம்பிதான் எடுக்கும். முதல்ல பென்டிரைவுலயே ஓட்டி வைஃபை, சவுண்டு, டச்பேட் மூணும் வேலை செய்யுதான்னு பாருங்க. இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. அந்தக் காலத்து ஆட்டம் லேப்டாப் பலதுல பிராசசர் 64 பிட்டா இருக்கும், மிஷினை எழுப்பி விடுற யுஇஎஃப்ஐ மட்டும் 32 பிட். பூட் மெனுவுல பென்டிரைவே தெரியாது, பிள்ளைக பென்டிரைவ் போச்சுன்னு நெனச்சு புதுசு வாங்கும். பென்டிரைவுக்குள்ள இஎஃப்ஐ ஃபோல்டர், அதுக்குள்ள பூட் ஃபோல்டரைத் திறங்க. பூட்ஐஏ32-னு ஒரு ஃபைல் இருந்தா ஏறும்.

போட்டதும், ரேம்ல இருக்குறதைச் சுருக்கி இடம் பண்ணிக் குடுக்குற இசட்ரேமை ஆன் பண்ணிருங்க. ப்ரவுசர்ல நாலு டேப்புக்கு மேல போகாதீங்க.

மேலூர்: ஆட்டம் என்270, 1 ஜிபி நெட்புக். சும்மா கெடக்கு.

அது சுத்த 32 பிட். 2025 ஆகஸ்டுல வந்த டெபியன் 13-ங்கிற லினக்ஸ்ல 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது. ஃபயர்பாக்ஸும் 144-ஓட 32 பிட் லினக்ஸை விட்டுருச்சு. ஆன்டிஎக்ஸ் 32 பிட் போட்டு டைப் அடிங்க, பாட்டு கேளுங்க. யூடியூப்பை மறந்துருங்க.

உசிலம்பட்டி: 2 ஜிபிக்கு எந்த லினக்ஸ் நல்லது?

மேல இருக்கு.

சிம்மக்கல், டிடிபி கடை: லினக்ஸ் போட்டா பாமினி தமிழ் ஃபான்ட் வருமா? பக்கம் கட்டுற பேஜ்மேக்கர்?

பாமினி வரும்ணே, அது வெறும் ஃபான்ட்தான். லிப்ரே ஆபிஸ்ல அப்படியே திறக்கும். பேஜ்மேக்கர் லினக்ஸ்ல நேரா ஓடாது.

இடையில ஒருத்தர்: இன்னுமா பாமினி? யூனிகோடுக்கு மாறுங்கய்யா!

சிம்மக்கல்: தம்பி, பதினஞ்சு வருசக் கல்யாணப் பத்திரிகை மொத்தமும் பாமினியில கெடக்கு. ஆடி முடிஞ்சு ஆவணி பொறந்தா, போன வருசத்து ஃபைலைத் திறந்து பேரை மட்டும் மாத்திக் குடுப்பேன். நீங்க வந்து அடிச்சுத் தாரீகளா?

அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா பாமினியில 'அம்மா'ன்னு அடிச்சா கம்ப்யூட்டருக்குள்ள இருக்குறது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஃபான்ட் இல்லாத மிஷின்ல அதுதான் தெரியும். அம்மான்னு தேடினாலும் கிடைக்காது. யூனிகோடுல 1991-லயே தமிழ் வந்தாச்சு.

இடையில வந்தவரே மறுபடி: அதைத்தான் நானும் சொல்றேன்!

நீங்க சொன்ன தொனி வேற. கன்வெர்டர்ல போட்டா எழுத்து மாறும், கட்டம் கட்டின லேஅவுட்டு சிதறும். அந்த வேலைய யாரு பாக்குறது? அண்ணே, பழைய மிஷின் ஒண்ணுல விண்டோஸ் 7-ம் பேஜ்மேக்கரும் அப்படியே இருக்கட்டும், நெட்டை மட்டும் புடுங்கிருங்க. புது வேலைய யூனிகோடுல, தமிழ்99 கீபோர்டுல ஆரம்பிங்க. பாமினியில ஓடுன கைக்கு முதல் வாரம் எரிச்சலாத்தான் இருக்கும்.

மேலூர்: எங்க மாமாவும் பாமினிதான்...

போதும், லேப்டாப்புக்கு வாங்க.

வாடிப்பட்டி: கிராக் விண்டோஸ் இருக்கு, போடவா?

கூடாது. கிராக்கோட வர்ற ஆக்டிவேட்டரை ஓடவிட ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்லுவான். அப்பவே புரியணும்.

சோழவந்தான்: 2 ஜிபி ரேம், எது நல்லது?

திருமங்கலத்துக்குச் சொன்னதுதான்.

அலங்காநல்லூர்: அண்ணே, நீங்க சொன்னபடி போட்டாச்சு, பறக்குது. பழைய போட்டோ எல்லாம் எங்க இருக்கும்?

முதல் பத்தியில என்ன சொன்னேன்? சரி, இப்பவே ஆஃப் பண்ணுங்க. இனி அதுல ஒரு ஃபைல் கூட டவுன்லோட் பண்ணக்கூடாது, மேல மேல எழுதினா உள்ளதும் போயிரும். ஹார்ட் டிஸ்க்கா, இஎம்எம்சியா? ஹார்ட் டிஸ்க்னா கழட்டி வேற மிஷின்ல மாட்டி, அழிஞ்ச ஃபைலை மீட்குற ஃபோட்டோரெக் ஓட்டிப் பாக்கலாம். அதை முதல்ல சொல்லுங்க, போன்ல இருந்து.